காது மெஷினும் கடல் காற்றும்: ஒன்பது வருடத்தில் நான் மாற்றிய பாகங்கள்

மண்டபம் கரையில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்பு பதினெட்டு வருடம் விசைப்படகில் டிரைவர். என்ஜினுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்த காது, மெல்ல மெல்லப் போய்விட்டது. ஒன்பது வருடமாக இரண்டு காதிலும் பின்பக்கம் மாட்டும் மெஷின் போட்டிருக்கிறேன். அம்மாவும் போட்டிருக்கிறார். அவருக்கு என்னைவிடக் காது கேட்பது குறைவு, அதனால் பவர் கூடின பெரிய மெஷின்.

எந்த மெஷின் நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. அது ஒவ்வொருவர் காதுக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது. உதிரி பாகங்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். “மெஷின் போச்சு” என்று பதறிப்போய் நான் மதுரைக்கு பஸ் ஏறிய தடவைகளில் பாதிக்கு மேல், கெட்டது டியூபோ, காதின் மேல் வளைந்து உட்காரும் ஹூக்கோ, செல் என்கிற பேட்டரியோதான். அதைவிடக் கொடுமை, தப்பான பாகத்தை மாட்டிவிட்டு மாதக்கணக்கில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தது. மாட்டினால் மாட்டிக்கொள்கிறதே என்று எடுத்துவிடுகிறோம். மெஷினில் இருந்து சத்தம் வெளியே வந்து காதுக்குள் போகும் வழியில் எதை மாற்றினாலும் சத்தமும் மாறும். இது எனக்கு உறைக்க நாலு வருடம் ஆனது.

டியூபில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கம் முதலில் கெடுவது அதுதான். ஹூக்கையும், காதளவுக்கு அச்சு எடுத்துச் செய்து காதுக்குள் மாட்டும் மோல்டையும் இணைக்கிற அந்தக் கண்ணாடி நிறக் குழாய், புதிதில் வெண்டைப்பிஞ்சு மாதிரி வளையும். வியர்வையும் வெயிலும் பட்டுப்பட்டு மஞ்சளாகும், அப்புறம் விறைக்கும், சுருங்கும். சுருங்கினால் மோல்டை மேலே இழுக்கும், இடைவெளி விழும், ‘கூ’ என்று விசில் வரும். மூன்று மாதத்தில் இருந்து ஆறு மாதத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எனக்கு மூன்று மாதமே அதிகம்.

டியூபுக்கும் நம்பர் உண்டு. பெரும்பாலான மோல்டுகளுக்கு வருவது 13-ஆம் நம்பர், உள் விட்டம் 1.93 மில்லிமீட்டர். செல்லிலும் 13-ஆம் நம்பர் ஒன்று இருக்கிறது! இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கடையில் “13 கொடுங்க” என்று மட்டும் கேட்டு, செல்லை வாங்கிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். டியூப் 13-லேயே உள் விட்டம் ஒன்றாக இருந்து சுவர் மட்டும் தடிப்பில் வேறுபடும்: சாதாரணம், நடுத்தரம், தடிப்பு. அம்மாவுடையது போன்ற பவர் மெஷினுக்குத் தடிப்புச் சுவர் வேண்டும். மெல்லிய சுவரானால் அவ்வளவு பெரிய சத்தம் சுவர் வழியாகவே கசிந்து மைக்குக்குத் திரும்பிப் போய் விசில் அடிக்கும். இது தெரியாமல் என் டியூபையே அவருக்கும் போட்டுவிட்டு, “மோல்டு சரியில்லை” என்று மோல்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை டியூப் தீர்ந்துவிட்டது. பழக்கப்பட்ட ஒருவர் ட்ரிப்ஸ் டியூபை வெட்டிக் கொடுத்தார். ஹூக்கில் கச்சிதமாக ஏறியது, விசிலும் இல்லை, எனக்குச் சந்தோஷம். ரெண்டு நாள் கழித்து ஏலத்தில் ஒரு கூடை நகரை மீனுக்கு எழுபது என்று விட்டதை நான் அறுபது என்று எழுதினேன். பிறகு கணவாய்க்கும் அதே கதை. இரண்டு வார்த்தையிலும் ‘பது’ கேட்கிறது, முன்னால் உள்ளது தேய்ந்துபோகிறது. வியாபாரியும் படகுக்காரரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் குழாயின் துவாரம் குறுகல். துவாரம் குறுகினால் முதலில் அடிபடுவது மேல் சுருதி. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டிய மெல்லொலிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காசு என் கையில் இருந்து போனதுகூடப் பெரிதில்லை. கணக்கில் நம்பிக்கை போனால் கரையில் நிற்க முடியாது. அன்றிலிருந்து கூடுதலாக ஆறு டியூப் எப்போதும் கையிருப்பில் உண்டு.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அளவு முக்கியம். வளைத்தே வரும் டியூபாக வாங்க வேண்டும். ஒரு முனையைச் சாய்வாகக் கூராக வெட்டி, மோல்டின் துவாரத்தில் வெளிப்பக்கமிருந்து நுழைத்து, காதுக்குள் போகும் முனை வழியாக இழுக்க வேண்டும். வளைவு மோல்டை ஒட்டி வந்து நிற்கும்வரை இழுத்துவிட்டு, வெளியே நீட்டியதை மோல்டோடு சமமாக வெட்டிவிட வேண்டும். அப்புறம் மோல்டைக் காதில் போட்டு, மெஷினைக் காதின் பின்னால் உட்கார வைத்து, ஹூக் முனை டியூபில் எங்கே தொடுகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. கழற்றி அந்தக் கோட்டில் வெட்ட வேண்டும். நீளம் கூடினால் மெஷின் காதைவிட்டு ஆடும். குறைந்தால் வாய் திறந்து மெல்லும்போதெல்லாம் மோல்டு கிளம்பும். அக்ரிலிக் மோல்டானால் பசை ஒட்டும். சிலிக்கான் மோல்டில் ஒட்டாது, அதற்கு டியூப் நழுவாமல் பிடிக்கும் லாக் வைத்த வகை உண்டு. எனக்கு இதைச் சொல்லித் தந்தது மதுரையில் எனக்கு டெஸ்ட் எடுக்கும் மேடம். “அண்ணே, நீங்க படகு வலைக்கே கண்ணி போடுறவரு, இது வராதா?” என்றார். வந்தது.

ஹூக் விஷயத்தில்தான் பெரிய அடி வாங்கினேன். வலது மெஷினின் ஹூக் விரிசல் விட்டது. இணையத்தில் “எல்லா மெஷினுக்கும் பொருந்தும்” என்று ஒரு பாக்கெட் பத்து ஹூக். வாங்கினேன். முதல் தப்பு, சில மெஷின்களில் ஹூக் திருகி ஏற்றுவது, சிலவற்றில் அழுத்தி மாட்டுவது. வந்தது அழுத்தும் வகை, ஆட்டிப் பார்த்தால் லேசாக ஆடியது. ஆடினால் அந்த இடுக்கிலும் சத்தம் கசியும். இரண்டாவது தப்பு எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தம்கூட ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. மெஷினின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அப்போது பேச்சு எட்டவில்லை. மேடம் பழைய ஹூக்கை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே கடுகளவு பச்சை நிறத்தில் ஒரு வலைத்தடுப்பு. அது டேம்பர். டியூபுக்குள் சில சுருதிகளில், முக்கியமாக 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், சத்தம் தானாகத் தூக்கி அடிக்கும். அதைச் சமப்படுத்துவது இந்தத் தடுப்பு. நான் வாங்கிய ஹூக் வெறும் ஓட்டை. ஹூக் வாங்குகிறவர்கள் பழையதைத் தூக்கிப்போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே தடுப்பு இருந்தால் அதே நிறத் தடுப்போடுதான் வாங்க வேண்டும், நிறத்துக்கு நிறம் அடக்கும் அளவு மாறும்.

மகள் கல்யாணத்தின்போது மெல்லிய டியூபும், மோல்டுக்குப் பதிலாகச் சின்ன ரப்பர் டோமும் மாட்டினால் வெளியே தெரியாதே என்று ஆசைப்பட்டேன். மெஷினுக்கு உரிய அடாப்டர் வேண்டும், காதளவுக்கு நீளம் வேண்டும், வலதுக்குச் சிவப்பு இடதுக்கு நீலம் என்று குறி பார்க்க வேண்டும். அது எல்லாம் கிடைத்தாலும், மெல்லிய டியூபில் சத்தம் மாறுவதால் கம்ப்யூட்டரில் மெஷினை மறுபடி அமைக்க வேண்டும். என் குறைபாட்டின் அளவுக்கு டோம் அடைக்காது, விசில்தான் வரும் என்று மேடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். குறைபாடு லேசாக உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. நான் மோல்டோடுதான் மணவறைப் பக்கம் நின்றேன், ஐயர் சொன்னது எல்லாம் கேட்டது.

செல்லுக்கு வருவோம். ஸ்டிக்கர் நிறத்தைப் பார்த்து வாங்கினால் தப்பு வராது: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எனக்கு ஆரஞ்சு, அம்மாவுக்கு நீலம். ஒருநாள் அம்மாவின் செல் தீர்ந்து, அவசரத்துக்கு ஒரு வாட்ச் கடையில் பழையதைக் காட்டினேன். அளவு பார்த்து ஒன்றைக் கொடுத்தார். 11.6 மில்லிமீட்டர் அகலம், 5.4 உயரம், அச்சு அசல் அதே அளவு. மேலே எல்ஆர்44 என்று எழுதியிருந்தது. 675-க்கு இன்னொரு பெயர் பிஆர்44. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் வேறு ரகம். அது அல்கலைன், 1.5 வோல்ட், உள்ளே இருக்கும் மின்சாரம் 675-இல் இருப்பதில் கால் பங்கு அளவே. அம்மா மெஷினுக்கு அது எந்த மூலைக்கு? மறுநாள் மத்தியானமே முடிந்தது. காது மெஷின் செல் காற்றைக் குடித்து வேலை செய்யும் துத்தநாகச் செல், தட்டைப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரியும். ஓட்டை இல்லையென்றால் அது நமக்கானது இல்லை. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டாமல் ரெண்டு நிமிடமாவது வெளியே வைத்திருங்கள், காற்று உள்ளே போகட்டும்.

அந்த ஓட்டை வழியாக நம் ஊர் ஈரமும் போகும். ராத்திரி மெஷினின் செல் கதவைத் திறந்து செல்லைத் தனியாக எடுத்துவிட்டு, மெஷினை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போடுகிறேன். அரிசியில் போடச் சொல்வார்கள், வேண்டாம், அந்த மாவு மைக் துவாரத்தில் ஏறும். செல் கதவின் உள்ளே இருக்கும் தகட்டில் பச்சைப் பூச்சு தெரிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். காய்ந்த பிரஷால் மெல்லத் தேய்த்து, அடிக்கடி வந்தால் காட்டிவிடுவது நல்லது. கதவும் மாடலுக்கு மாடல் வேறு. அண்ணன் தம்பி மாடல் என்று சொல்லி ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள், மூடியது, ஆனால் ஆட்டினால் மெஷின் அணைந்து அணைந்து எரிந்தது.

விசில் வந்தால் எது கெட்டது என்று பார்க்க நான் செய்வது இதுதான். டியூபோடு மோல்டைக் கழற்றி, மெஷினை ஆன் செய்து, ஹூக்கின் முனையை விரலால் அடைக்கிறேன். அப்போதும் விசில் வந்தால் ஹூக் அல்லது மெஷின், ஆளிடம் காட்ட வேண்டும். நின்றால், டியூபோடு மோல்டை மாட்டி, மோல்டின் நுனியை அடைக்கிறேன். இப்போது வந்தால் டியூபில் விரிசல் அல்லது தளர்வு. அதுவும் நின்று, காதில் போட்டால் மட்டும் வந்தால் மோல்டு காதுக்குச் சரியில்லை, அல்லது காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறது.

மார்கழி விடியலில் கரையில் நிற்கும்போது டியூபுக்குள் தண்ணீர்ச் சொட்டு நிற்கும், ஏதோ கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். காதுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராக நிற்பது அது. மோல்டைக் கழற்றிச் சின்ன ஊதுபந்தால் ஊதினால் போய்விடும். ஈரம் நிற்காத டியூப் வகையும் கிடைக்கிறது, இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

வாங்கப் போகும்போது மெஷினையே எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய சீட்டும், பழைய பாகமும். தபாலில் வரவழைத்தால் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சம். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் ஏறி ரிப்பேர் பார்க்கிற அதே நாட்களில் நானும் மதுரை போய் இரண்டு மெஷினையும் காட்டிவிடுவேன். இந்த வருடம் அம்மாவுக்குக் காது அளவு மாறியிருந்தது, புது மோல்டுக்கு அச்சு எடுத்தார்கள். தடிப்பு டியூப் போட்டு வாங்கி வந்து மாட்டியதும், அம்மா அடுப்படியில் இருந்து, “யாரோ கேட்டுல நிக்கிறாங்க பாரு” என்றார். பால்காரர்.