ஃப்ளிர் சி5 வெப்பக் கேமரா: ஒரு மதிப்பீடு

கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஃப்ளிர் சி5 வெப்பக் கேமராவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்கின்றன. அக்கதிர்கள் உணரியிலுள்ள நுண்புள்ளிகளைச் சற்றே சூடாக்க, அவற்றின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றமே வண்ணப் படமாகத் திரையில் தோன்றுகிறது. தன்னுள் இருக்கும் சாதாரணக் கேமரா எடுக்கும் படத்தின் விளிம்புக் கோடுகளையும் இக்கருவி அந்த வெப்பப் படத்தின்மேல் பதித்துவிடுவதால், சூடான இடம் எந்தச் சுவிட்சின் எந்த முனை என்பது ஐயமின்றித் தெரிகிறது.

மின்பலகையில்தான் இதன் அருமை புரியும். மூன்று பேஸ் இணைப்புகளில் ஒன்றின் திருகு தளர்ந்திருந்தால், மின்சுமை ஓடும்போது அம்முனை மட்டும் வெளிர்மஞ்சளாக ஒளிரும். சுமை இல்லாத நேரத்தில் சோதிப்பது வீண். சுவரில் நீர் கசியும் பகுதியோ, ஈரம் ஆவியாவதால், சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த திட்டாகத் தெரியும். ஆனால் இக்கருவி சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை, மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

மின்பலகையிலுள்ள பளபளப்பான செம்புப் பட்டை சுற்றுப்புற வெப்பத்தைப் பிரதிபலித்துத் தவறான அளவைத் தரும். மின்சாரத்தைத் துண்டித்து அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மீண்டும் சுமை ஏற்றி அளப்பதே முறை. படத்தின் நுணுக்கம் 160×120 புள்ளிகளே என்பதால், 5 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலத்தை அடக்கிவிடுகிறது. எனவே உயரத்தில் செல்லும் மின்கம்பிகளைச் சோதிக்க இது போதாது.