கச்சான் காற்றில் ஐந்து ஆண்டுகள்: ஆறு போத்தல் பந்தோல் வைன்

2019 மார்கழியில், தூலோனில் குடியிருக்கும் என் மனைவியின் தம்பி நத்தாருக்காகக் குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வந்தபோது, மூன்று பயணப்பெட்டிகளில் இரண்டிரண்டாகப் பங்கிட்டு, உடுப்புகளுக்குள் சுற்றி ஆறு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்தார். ஆறும் ஒரே தோட்டத்தில், ஒரே ஆண்டில், அதாவது 2016 இல், பறித்த திராட்சையில் செய்யப்பட்டவை. பிரான்சின் தென்கரையில், மார்செய்க்கும் தூலோனுக்கும் இடையே உள்ள பந்தோல் என்ற பகுதியின் 'தொமேன் தாம்பியே' என்னும் குடும்பத் தோட்டம்தான் அவற்றின் ஊர். அங்கே ஒரு போத்தல் முப்பது யூரோ அளவில் விற்பனையானது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா. அந்த விலைக்கு நானாக ஒன்றைக்கூட வாங்கியிருக்க மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், ஒரே வைனை ஐந்து ஆண்டுகளுக்குள் ஆறு தடவை திறந்து பார்க்கும் வாய்ப்பு, அதுவும் நிலவறை என்ற பேச்சுக்கே இடமில்லாத எங்கள் வெப்பத்தில், எளிதாகக் கிடைப்பதன்று. அந்த அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

வைனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது தனித் திராட்சையில் செய்ததன்று, கலவை. முக்கால் பங்கு மூர்வெத்ர் என்ற திராட்சை. மீதி கிரனாஷும் சேன்சோவும், மிகச் சிறிதளவு கரின்யானும். மூர்வெத்ர் தோல் தடித்தது, பழம் சிறியது, மிகப் பிந்திப் பழுப்பது. அதற்குத் தலையில் வெயிலும் காலில் கடலும் வேண்டும் என்று புரொவான்ஸ் உழவர்கள் சொல்வார்களாம். பந்தோலின் படிக்கட்டு வயல்கள் கடலை நோக்கி அமைந்தவை. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்ற உலர்காற்று கொடிகளின் ஈரத்தை வாங்கிப் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. பந்தோல் என்ற பெயரோடு சிவப்பு வைன் விற்பதற்கு மூர்வெத்ர் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பழங்களைக் கையால் பறிக்க வேண்டும், குறைந்தது 18 மாதம் மரப்பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்த ஆண்டு 1941. அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் லூசியன் பெய்ரோ. 1936 இல் லூலு தாம்பியேயை மணந்ததன் வழியாக மாமனாரின் இந்தத் தோட்டத்துக்கு வந்து, கைவிடப்பட்டிருந்த மூர்வெத்ரை மீண்டும் நட்டவர் அவர். மருமகன் வந்து காணியைத் திருத்திய கதை என்றதும் என் மாமிக்கு இந்த வைனில் ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்லவில்லை.

முதற் போத்தலை அந்த நத்தார் இரவிலேயே அவசரப்பட்டுத் திறந்தோம். அது நான் செய்த முதற் பிழை. தக்கையை எடுத்ததும் வந்தது பழ மணமன்று. படுவான்கரைப் பக்கம் விடியற்காலையில் மாட்டுப் பட்டியைக் கடந்து போகும்போது வருமே, ஈரத்தோலும் வைக்கோலும் சாணமும் கலந்த மணம், அதுதான். மாமா கிளாசை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "என்ன மருமகன், பட்டியடி மணக்குது" என்றார். வாயில் வைத்தபோது நாக்கும் முரசும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. பாதி பழுத்த நாவற்பழத்தை ஒரு கைப்பிடி மென்றால் வரும் கயர்ப்பு அது. அறையின் வெப்பம் முப்பது பாகையில் இருந்ததால், 14 வீத மதுசாரம் வேறு தொண்டையைச் சுட்டது. கால்வாசிப் போத்தலை அப்படியே மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் நாள், ஊற்றிவிடுவோமா என்று எடுத்துப் பார்த்தபோது பட்டி மணம் போய், கறுத்த பழங்களின் மணமும் காய்ந்த மூலிகை மணமும் மேலே வந்திருந்தன. மூர்வெத்ர் காற்றுப்படாமல் அடைபட்டுக் கிடக்கும் இயல்புள்ளது, அதற்கு மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. காலையில் இறக்கிய கள்ளை மாலைக்குள் குடித்துவிட வேண்டும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சற்றுத் தலைகீழான பாடம்.

மிச்சம் ஐந்தையும் படுக்கையறை அலுமாரியின் மேல் நிறுத்தி வைத்தேன். இரண்டாவது பிழை, பெரிய பிழை. ஆனி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று மட்டக்களப்பை என்ன செய்யும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மழையை மலையின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி வரும் காற்று அது. கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொறமொறத்துவிடும். 2020 ஆவணியில் ஒருநாள் அலுமாரி மேல் தூசி தட்டிய மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு போத்தலின் தக்கை மேலுறையைத் தள்ளிக்கொண்டு, நகத்தின் அளவுக்கு எழும்பி நின்றது. அதன் கழுத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கோடு பெயர்த்தாள் வரை ஓடிக் காய்ந்திருந்தது. தொட்டால் பாணி போல் ஒட்டியது. வெப்பத்தில் உள்ளிருக்கும் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இதில் தோட்டத்தின் குற்றம் எதுவுமில்லை; முப்பத்துநான்கு பாகையில் வைனை நிறுத்தி வைத்தது நான்.

அதன்பின் செய்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தப் பகிர்வில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி அதுவே. அம்மா காலத்தில் தண்ணீர் வைத்திருந்த பெரிய மண் தாழி ஒன்று கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கழுவிச் சமையலறையின் வடக்குச் சுவரோரம், வெயில் எட்டாத இடத்தில் வைத்து, ஆற்று மணலை முக்கால்வாசிக்கு நிரப்பி, பழுதில்லாத நான்கு போத்தல்களையும் பொலித்தீனில் சுற்றி, தக்கை நனைந்திருக்கும்படி சரித்துப் புதைத்தேன். காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பேன். வெளியே நனைந்த சாக்கு ஒன்று. தண்ணீர் ஆவியாகும்போது தாழியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கச்சான் எவ்வளவுக்குக் காய்ச்சலாக அடிக்கிறதோ, அவ்வளவுக்கு ஆவியாதலும் கூடி, எப்போது குளிர்ச்சி அதிகம் தேவையோ அப்போதே அது அதிகம் கிடைக்கிறது. வாடைக்காற்று மாதங்களில் காற்றின் ஈரத்தால் தாழி அவ்வளவு வேலை செய்யாது; அப்போது ஊரே குளிர்ந்திருப்பதால் அது பெரிய குறையன்று. வெப்பமானி வைத்துப் பார்த்ததில், பிற்பகல் மூன்று மணிக்கு அறை 34 பாகை காட்டிய நாளில் மணலுக்குள் 27. நிலவறைக்குச் சொல்லப்படும் 12 அல்லது 14 பாகையோடு ஒப்பிட்டால் இது அடுப்படிதான். ஆயினும் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் ஏறி இறங்குவது நின்றுவிட்டது. தக்கையைக் கெடுத்தது அந்த ஏற்றயிறக்கமே. 2022 பங்குனியில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்சாரம் தடைப்பட்டபோது குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவையெல்லாம் பழுதாகின; தாழிக்கு மட்டும் மின்வெட்டு என்ற ஒன்று தெரியவில்லை.

இரண்டாவது போத்தலை 2020 நத்தாருக்கு எடுத்தோம். லூலு பெய்ரோ அந்த ஆண்டு ஐப்பசியில் தமது 102 ஆவது வயதில் காலமான செய்தியை மைத்துனர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இந்தத் தடவை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே திறந்து கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைத்து, பரிமாறுமுன் சாடியை ஐஸ் கலந்த தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தினேன். வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை. அதே வைனில் மதுசாரத்தின் சூடு அடங்கி, கயர்ப்புக்குப் பின்னால் பழம் தெரிந்தது. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரையில் சொல்லப்படும் அறை, பிரெஞ்சுக் கல்வீட்டின் அறை, எங்களுடையதன்று. 17 பாகையளவில் இறக்கிக் குடித்தால் போதும்.

உண்மையான சோதனை 2021 நத்தாரில் நடந்தது. அலுமாரி மேல் கசிந்த போத்தலை எறிய மனமின்றி அங்கேயே விட்டிருந்தேன். அதையும் தாழியிலிருந்த ஒன்றையும் ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தோம். கசிந்ததன் நிறம் விளிம்பில் செங்கல் மாவு போல் மங்கியிருந்தது. மணம், சீனியோடு காய்ச்சி அடிப்பிடித்த புளியின் மணம். வாயில் ஒரு தட்டையான இனிப்பும் புளிப்பும் மட்டும். தாழிப் போத்தல் இன்னும் கருஞ்சிவப்பாக, நாவற்பழமும் புகையிலையும் மிளகும் மணக்க, கயர்ப்புக் குறைந்து, விழுங்கிய பின்னும் நெடுநேரம் வாயில் நின்றது. இரண்டும் ஒரே பீப்பாயின் பிள்ளைகள் என்று சொன்னால் நம்ப முடியாது. பத்துப் பாகை வெப்பம் கூடினால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பாடசாலையில் படித்ததை நாக்கால் அறிந்துகொண்ட இரவு அது. கசிந்ததை மனைவி வீணாக்கவில்லை, மாட்டிறைச்சி ஊறவைக்கப் பயன்படுத்தினார். அதற்கு அது நன்றாகவே இருந்தது.

சாப்பாட்டுப் பொருத்தம் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. வாவி நண்டுக் கறியோடு இந்த வைன் சேரவே சேராது. தேங்காய்ப்பாலும் தூளும் சேர்ந்த எங்கள் நண்டுக் குழம்பின் உறைப்பை மதுசாரம் இன்னும் தூண்டிவிடுகிறது. நண்டின் இனிமையை வைனின் கயர்ப்பு விழுங்கிவிடுகிறது. முடிவில் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல் ஒரு சுவை மிஞ்சுகிறது. சிவப்பு வைனில் உள்ள இரும்பே கடலுணவோடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது என்று 2009 இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடற்கரைத் தோட்டத்து வைனாயிற்றே, மீனுக்குப் பொருந்தாமல் இருக்குமா என்று நினைத்தேன், பொருந்தவில்லை. மிளகு தூக்கலாகப் போட்டு, பால் விடாமல் பிரட்டிய ஆட்டிறைச்சிக்கும், வெயிலில் வற்றவைத்துப் பொரித்த மாட்டிறைச்சிக்கும் அது அவ்வளவு நன்றாகப் பொருந்தியது. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் கயர்ப்பைப் பிடித்துக்கொள்கின்றன. சோறு கறியோடு குடிப்பதைவிட, சாப்பாட்டுக்கு முன் வறுத்த மரமுந்திரிப் பருப்போடு சிறிது சிறிதாகக் குடிப்பதே எனக்குப் பிடித்தமானது.

ஐந்தாவதை 2023 உயிர்த்த ஞாயிறன்று திறந்தோம். அப்போதே பட்டி மணம் முற்றாக அடங்கி, மழை விழுந்த செம்மண் மணமாக மாறியிருந்தது. கலவையின் பயனும் அதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: முதல் ஆண்டு மூர்வெத்ர் ஒன்றே பேசிக்கொண்டிருந்தது, இப்போது கிரனாஷின் பழுத்த இனிமையும் சேன்சோவின் மெல்லிய நறுமணமும் தனித்தனியே அடையாளம் காணும்படி இருந்தன. 2024 நத்தாரின் கடைசிப் போத்தலில் அடிமண்டி கனமாகப் படிந்திருந்தது. ஒருநாள் முன்னதாக நிமிர்த்தி வைத்து, போத்தலின் தோளுக்குப் பின்னால் மெழுகுதிரி பிடித்து, கறுப்பு இழை கழுத்தை நெருங்கியதும் ஊற்றுவதை நிறுத்தினேன். பட்டுப்போல் இறங்கிற்று. பாலைப்பழத்தின் பிசுபிசுத்த இனிமை, பதப்படுத்திய தோல், இறுதியில் சிறு கசப்பு. நான்கு பேருக்கு ஆளுக்கொரு கிளாசுக்குச் சற்று மேல் வந்தது. மாமி தம் பங்கை முடித்து, "மறுகா எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க" என்றபோது சாடியில் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் நேர்மையாகச் சொல்வதானால், இந்தக் கடைசிப் போத்தல் முந்தியதைவிடச் சிறிது இளைத்திருந்தது. பிரான்சின் நிலவறையில் 2016 ஆம் ஆண்டின் பந்தோல் எட்டாம் ஆண்டில் இன்னும் இளமையோடு இருக்கும். எங்கள் தாழியில் அது தன் வயதை இரட்டித்துக்கொண்டுவிட்டது. இங்கே வைப்பதானால் ஏழு ஆண்டுக்குள் குடித்துவிடுவதே சரி.

வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: வாங்கிய அன்றே திறப்பவர்கள் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம், அதில் பாதி விலைக்குக் கிரனாஷ் மிகுந்த கலவைகள் உடனே இனிக்கும். குளிர்ந்த ஒரு மூலையும் மூன்று ஆண்டுப் பொறுமையும் உள்ளவர்களுக்கு, 2022 க்குப் பின் எங்கள் ரூபாவில் விலை இரட்டிப்பாகிவிட்ட நிலையிலும், ஓராண்டுக்கு ஒரு போத்தல் என்ற கணக்கில் இது தகும். கடையில் வாங்குவதானால், கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில்படும்படி எவ்வளவு காலம் நின்றது என்று கேளுங்கள். தக்கை விளிம்பைத் தாண்டி எழும்பியிருக்கிறதா என்று மேலுறையை விரலால் அழுத்திப் பாருங்கள். எழும்பியிருந்தால் எந்தத் தள்ளுபடிக்கும் வாங்கக் கூடாது.

மைத்துனர் இந்தத் தடவை 2020 ஆம் ஆண்டின் இரண்டு போத்தல்கள் கொண்டுவந்தார். வந்த இரவே இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. தண்ணீர் தெளிக்கும் வேலையை மாமி தாமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.