துப்பாக்கித் தடயவியல் முதுமாணி என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு ஆலோசனை நிலையம் என்னிடம் 475,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டது. பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் போடவில்லை. ஆனால் இரசாயனவியல் முடித்துவிட்டுத் தடயவியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

எனக்குத் துப்பாக்கிப் பரிசோதனையில்தான் ஆசை. குழலின் உள்தவாளிப்பு ரவையில் விடும் கீறல், சுடும் ஊசி வெற்றுத் தோட்டாக் கோதின் அடியில் விடும் குழி, இவற்றை வைத்து எந்த ஆயுதம் சுட்டது என்று கண்டுபிடிக்கிற வேலை. அங்கே இருந்தவர் நீட்டிய கையேட்டின் அட்டையில் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் எடுத்த படம். இரண்டு ரவைகள் பக்கம் பக்கமாக, நடுவில் மெல்லிய கோடு, கோட்டைத் தாண்டியும் கீறல்கள் விலகாமல் ஓடுகின்றன, இரண்டும் ஒரே துப்பாக்கியில் சுட்டவை என்று காட்டுகிற படம். அதன்மேல் விரலை வைத்து, "தங்கச்சி, இந்த மெசினில நீங்களே இருந்து பாப்பீங்கள். தண்ணித் தொட்டிக்குள்ள சுட்டு ரவை எடுக்கிறதும் உங்கட கையாலதான்" என்றார். தொட்டி என்று சொன்னதும் நம்பிவிட்டேன். சுடும் ரவை சிதையாமல் கிடைக்க ஆய்வுகூடங்களில் அப்படித்தான் செய்வார்கள், விசயம் தெரியாத ஆளின் வாயில் அது வராது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

வந்தது வெறும் பிடிஎஃப் கோப்புகள். சுடும்போது தெறிக்கும் வெடித்துகளில் ஈயம், பேரியம், அந்திமனி பார்க்கவேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விசயம். அட்டைப் படமும் அதற்குள் இருந்தது, அவ்வளவுதான் நான் கண்ட நுணுக்குக்காட்டி. செய்முறை எப்போது என்று கேட்டால், "விசா அலுவல் முடியட்டும்". பிறகு, "சேர் கொழும்புக்குப் போயிட்டார்". கடைசியில், "இப்ப எல்லாம் ஒன்லைன்தானே தங்கச்சி". இந்தத் தொழிலா ஒன்லைனில் வரும்? முதுமாணி முடித்தவர்களே அனுபவமுள்ள பரிசோதகரின் கீழ் நீண்ட பயிற்சி எடுத்த பிறகுதான் தனியாக அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கையில் ஒருவரின் சிறைவாசம் தங்கியிருக்கிறது!

காசைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டைப் பாருங்கோ என்றார்கள். "பதிவுக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று அடியில் பொடி எழுத்து. 475,000 ரூபாய் முழுவதையும் பதிவுக் கட்டணம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது தொலைபேசியும் எடுப்பதில்லை.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். பட்டம் தரும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்று காசு கட்டமுன்னம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். இங்கே ஆயுதங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம், அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். இந்தியா என்றால் காந்திநகரில் தேசிய தடயவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, நேரே அவர்களிடமே கேளுங்கள், இடையில் ஆள் வேண்டாம். செய்முறை எந்த ஆய்வுகூடத்தில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அதே இடத்தில் காசு கட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.