சிங்கிள் டோரா, டபுள் டோரா: கெட்டால் எது லேசு?

செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வரைக்கும் வீடுகளுக்குப் பாதி ஃப்ரிட்ஜ் ஆடித் தள்ளுபடியில் வரும், மீதி ஓணம் தள்ளுபடியில் வரும். லிட்டர், ஸ்டார், கலர் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறோம். கெட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் கடையில் பேச்சுக்கே வருவதில்லை.

சிங்கிள் டோர் என்றால் பெரும்பாலும் டைரக்ட் கூல். டபுள் டோர் என்றால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. டைரக்ட் கூலில் ஃப்ரீஸர் பெட்டியே குளிர்விக்கும் தகடு. மின்விசிறி, ஹீட்டர் எதுவும் கிடையாது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் காயில் (குளிர் தரும் குழாய்ச்சுருள்) ஃப்ரீஸரின் பின்பலகைக்குள் ஒளிந்திருக்கும். ஒரு ஃபேன் அந்தக் குளிரை மேலும் கீழும் தள்ளும், காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். முதலாவது அபூர்வமாகக் கெடும், ஆனால் கெட்டால் பெரிதாகக் கெடும். இரண்டாவது அடிக்கடி மக்கர் பண்ணும், ஆனால் போவது அநேகமாகச் சில நூறு ரூபாய்ச் சாமான். சிக்கல் எங்கே என்றால், இரண்டுக்கும் கிடைக்கிற தீர்ப்பு ஒன்றுதான்: “கேஸ் போச்சு.” அதாவது, உள்ளே ஓடிக் குளிரைத் தரும் வாயு ஒழுகிவிட்டது.

மேலே ஐஸ், கீழே வெதுவெதுப்பு

டபுள் டோரில் மேலே ஐஸ்கட்டி உறைகிறது, கீழே மாவு புளித்துப் பொங்குகிறது என்றால் கேஸ் மேல் சந்தேகம் கடைசியில்தான் வரவேண்டும். பனி காயிலை அடைத்துக்கொண்டது, காற்று கீழே இறங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இதைப் பைசா செலவில்லாமல் சோதிக்கலாம். சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்துவையுங்கள். திரும்பப் போட்டதும் புதுசு மாதிரி குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி பழைய கதை ஆனால் டிஃப்ராஸ்ட் (பனி உருக்கும்) சர்க்யூட்தான் கோளாறு. ஒழுகிப்போன கேஸ் ஒருநாள் ஓய்வில் திரும்பி வராது.

பின்பலகையைக் கழற்றினால் இன்னும் தெளிவு. காயில் முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பனி என்றால் டிஃப்ராஸ்ட். மெல்லிய பனி சீராக இருந்து காற்று மட்டும் வரவில்லை என்றால் ஃபேன். கதவைத் திறந்தால் ஃபேனை நிறுத்தும் மாடல்களில் கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஃபேனைக் குறை சொல்வோம். காயிலின் ஒரு ஓரத்தில் இரண்டு குழாயில் மட்டும் பனி, மற்றதெல்லாம் வறட்சி என்றால் அப்போதுதான் கேஸ் குறைவு.

டிஃப்ராஸ்ட் என்று தெரிந்தபின் டைமர், ஹீட்டர், தெர்மல் பியூஸ், பைமெட்டல் என்று நான்கு சாமான்களை வரிசையாகப் பார்க்கவேண்டும். டைமர் உள்ள மாடலில் அதன் திருகை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு இடத்தில் கம்ப்ரஸர் நிற்கும். சில நிமிடத்தில் காயிலில் நீர் சொட்ட ஆரம்பித்தால் ஹீட்டர் பக்கம் எல்லாம் சரி, டைமர்தான் சுற்றவில்லை. சொட்டவில்லையா? பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரை எடுங்கள். 150 வாட்ஸ் ஹீட்டருக்குச் சுமார் 350 ஓம் காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. சூடு மீறினால் அறுந்துபோகும் தெர்மல் பியூஸில் எந்த நேரமும் தொடர்ச்சி (மின் இணைப்பு) இருக்கவேண்டும்.

பனி உருகிச் சூடு ஏறியதும் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்சான பைமெட்டலில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அது குளிர்ந்தால் மட்டுமே இணையும். மேஜைமேல் வைத்து அளந்தால் நல்லதுகூட ‘ஓப்பன்’ என்றே காட்டும். வெறும் ஐஸ் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் நின்றுவிடும், அதுவும் பத்தாது. நொறுக்கின ஐஸில் ஒரு கை கல்லுப்பைக் கலந்து, பைமெட்டலைப் பாலிதீன் பையில் போட்டுப் பத்து நிமிடம் புதைத்துவைத்து அளந்தால் உண்மை தெரியும். பியூஸ் போயிருந்தால் பைமெட்டல் பிரியாமல் ஒட்டிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது புத்தி. பியூஸை நேரடியாக முறுக்கி இணைத்துவிட்டுப் போகிற கைவேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் உள் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கும்.

கத்தி முனையில் சிங்கிள் டோர்

டைரக்ட் கூலில் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். ஃப்ரீஸர் பெட்டியைத் திறந்து பனியின் வடிவத்தைப் பார்த்தால் போதும். எல்லாப் பக்கமும் தடிமனாகப் பனி என்றால் கதவு சரியாக மூடவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தவில்லை. ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் ஈரம் என்றால் கேஸ் குறைவு. டிஃப்ராஸ்ட் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது என்று பதறுகிற வீடுகளும் உண்டு. தெர்மோஸ்டாட் குமிழைக் கடைசிவரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பெரிய அடி எங்கே விழும் என்றால், ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பும்போது. ஃப்ரீஸர் பெட்டி இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். கேஸ் ஓடும் தடம் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘உஸ்’ என்று ஒரு சத்தம், ஓட்டையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. உடனே பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஓட விட்டால் ஓட்டை வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். எப்பாக்ஸி பூசி அடைக்கலாம். நிற்பதும் உண்டு, நிற்காததும் உண்டு. பெட்டியையே மாற்றுவதுதான் நிரந்தரம், செலவு ஆயிரங்களில். மீனை எடுக்க ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் இந்தச் செலவே இல்லை.

சாரலும் இடியும்

ஆனி, ஆடிச் சாரலில் காற்றில் இருக்கிற ஈரம் இரண்டையும் வெவ்வேறு விதமாகப் படுத்தும். சிங்கிள் டோரில் பனி மளமளவென்று ஏறும். அரை சென்டிமீட்டர் தாண்டுமுன் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட வேண்டும், அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். டபுள் டோரில் பனி கண்ணுக்குத் தெரியாது. உருகின நீர் இறங்கும் ஓட்டை அடைத்தால் காய்கறி டிரேயில் தண்ணீர் நிற்கும். ஒரு சிரிஞ்சில் வெந்நீர் எடுத்துப் பீய்ச்சினால் திறந்துகொள்ளும். அந்த நீர் போய்ச் சேர்வது பின்னால் கம்ப்ரஸர் மேல் உள்ள தட்டில். வாரம் ஒருமுறை அதைத் துடைக்காவிட்டால் டெங்கு கொசு அங்கேதான் குடித்தனம் நடத்தும்.

கேஸ்கெட் (கதவு ரப்பர்) சோதனை இரண்டுக்கும் பொது: கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் வெந்நீர்த் துணியால் ஒற்றி, ரப்பரை நீவிவிடுங்கள்.

ஐப்பசி இடி வேறு ரகம். சாதாரண கம்ப்ரஸர் ‘டிக்… டிக்’ என்று எடுக்காமல் துடித்தால் முதலில் அதைக் கிளப்பிவிடும் ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். கலகலத்தால் பெரும்பாலும் அது போச்சு, விலை அற்பம். கம்ப்ரஸரின் மூன்று பின்களை ஜோடி ஜோடியாக அளந்தால், பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வரவேண்டும். மின்னணு போர்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் மூன்றும் சமமாக இருக்கும். அதற்கு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் ‘பார்த்தால்’ அத்தோடு முடிந்தது. இடியில் அடிபடுவது பெரும்பாலும் அதன் போர்டுதான். இப்போது சிங்கிள் டோரிலும் இன்வெர்ட்டர் வருவதால், எளிய ஃப்ரிட்ஜ் என்ற பழைய பெருமையை அப்படியே நம்பவேண்டாம்.

எதை எடுக்கலாம்?

மூன்று நான்கு பேர் வீடு, இடி விழுகிற மலையடிவாரம், அவசரத்துக்கு ஒரே ஒரு மெக்கானிக் என்றால் இன்வெர்ட்டர் இல்லாத டைரக்ட் கூல் கிடைத்தால் அதுவே மேல். வாரத்துக்கு மீன் வாங்கி அடுக்குகிற பெரிய குடும்பம் என்றால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ எடுங்கள். பனி ஒட்டாது, கத்திக்கு வேலை இல்லை.

எதுவானாலும், மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் பின்புறமோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அதில் கேஸின் பெயர் ஆர்-134ஏ என்றால் கேஸ் உருளையும் கேஜும் (அழுத்தமானி) போதும் என்று வருவார்கள். ஆர்-600ஏ என்றால் எடை போடும் தராசு கட்டாயம். அது தீப்பிடிக்கும் கேஸ், அளவும் 134ஏ-யில் பாதிக்குக் கீழே; பழைய கேஜ் பழக்கத்தில் அழுத்தம் பார்த்து ஏற்றினால் அதிகமாகிவிடும். புது டிரையர் (ஈரம் உறிஞ்சும் வடிகட்டி) போட்டு, குழாயில் இருக்கும் காற்று வெளியேற அரை மணி நேரமாவது வேக்குவம் இழுத்த பிறகுதான் கேஸ். சமையல் சிலிண்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.