முடிவு முதலா, மென்பொருள் முதலா? வங்கி இணைப்புகளில் மூன்று வழிகள்

பெரிய நிறுவனங்களில் தகவல் தொழில்நுட்பமும் வணிக உத்தியும் ஒன்றோடொன்று பொருந்திப் போக வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எது முன்னே செல்ல வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நிர்வாகக் குழு முடிவெடுக்கும், தொழில்நுட்பத் துறை அதைச் செய்து கொடுக்கும் என்பது பழகிப்போன வரிசை. 1993-இல் மேலாண்மை ஆய்வாளர்களான ஹெண்டர்சனும் வெங்கட்ராமனும் முன்வைத்த பொருத்தப்பாட்டு மாதிரி, இந்த வரிசையோடு இதன் மறுதலையையும் ஏற்றுக்கொண்டது. கையில் இருக்கும் தொழில்நுட்பமே வணிகத்தின் அடுத்த அடியைத் தீர்மானிக்கலாம் என்பது அந்த மறுதலை. ஏட்டில் இரண்டும் சம மதிப்புள்ள வழிகள்தாம். நடைமுறையில் அவற்றின் விலை எவ்வளவு வேறுபடுகிறது என்பதை வங்கி இணைப்புகளைப் போலத் தெளிவாகக் காட்டும் களம் வேறில்லை.

இரண்டு சிமெண்ட் நிறுவனங்கள் இணைந்தால் ஆலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்கு வழக்குகளை ஆற அமர ஒன்றாக்கிக்கொள்ளலாம். வங்கிக்கு அந்த வசதி கிடையாது, ஏனெனில் அங்கே பதிவேடுதான் சரக்கு. வாடிக்கையாளரின் பணம் என்பது, எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் கோர் பேங்கிங் மென்பொருளில் உள்ள ஒரு பதிவு. இரண்டு வங்கிகள் உண்மையில் ஒன்றாவது, அந்தப் பதிவுகள் ஒரே பேரேட்டில் வந்து சேரும் நாளில்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தரவை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் வேலையாகத் தோன்றும். ஒரு சிறிய இடத்தை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். ஒரு வங்கியில் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரே கட்டம் இருக்கிறது, அங்கே 'கே. லட்சுமி' என்று முன்னெழுத்தோடு பதிந்திருக்கிறார்கள். மற்ற வங்கியில் முதற்பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள். இரண்டாவதைக் காலியாக விட முடியாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராகக் கொள்வதா, லட்சுமியையே இரண்டு முறை எழுதுவதா, ஒரு புள்ளியை வைத்து நிரப்புவதா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அதே பெயரில், அதே ஊரில், அதே தேதியில் பிறந்த இன்னொருவர் இருந்தால், இருவரையும் ஒரே ஆளாகக் கருதி ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ்ச் சேர்த்துவிடும் அபாயமும் உண்டு. கூட்டுக் கணக்கை யார் இயக்கலாம் என்ற குறிப்பு, நியமனதாரர் விவரம், மாதாமாதம் தவணை எடுக்கும் நிலையான உத்தரவு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று முதியவர் கொடுத்த படிவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. இவை கணிப்பொறிக் கேள்விகள் மட்டுமல்ல, வங்கி தன் வாடிக்கையாளரை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது பற்றிய வணிகக் கேள்விகளும்கூட என்பதை இயக்குநர் குழுக்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

முதல் வழி, வணிக முடிவை எடுத்துவிட்டுத் தொழில்நுட்பத்தை அதன் பின்னே இழுத்து வருவது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி நடந்த வழி இது. 2008-ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசு உதவி பெற்ற லாயிட்ஸ் குழுமம், அதற்கு ஐரோப்பிய ஆணையம் விதித்த நிபந்தனைப்படி, தன் கிளைகளில் ஒரு பகுதியைப் பிரித்து 2013-இல் டிஎஸ்பி என்ற பெயரில் தனி வங்கியாக்கியது. வங்கி தனியாக நின்றாலும் அதன் கணினி அமைப்பு லாயிட்ஸிடமே இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தது. 2015-இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி சுமார் 170 கோடி பவுண்டுக்கு டிஎஸ்பியை வாங்கியபோது, தன்னிடம் இருந்த 'புரோட்டியோ' மென்பொருளைப் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றி அதில் டிஎஸ்பியைக் குடியேற்றிவிடலாம், லாயிட்ஸுக்குப் போகும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டது. வணிகக் கணக்காக அதில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிழை நாள் குறித்த விதத்தில் இருந்தது. மாற்றம் 2017 நவம்பரில் என்று முதலில் தேதி வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கினார்கள். தேதி தவறியதும் சில மாதங்கள் தள்ளிப் போட்டார்கள். ஆனால் முதல் தேதி ஏன் தவறியது என்பதை ஆழமாக ஆராயவில்லை. 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையிலான வாரக்கடைசியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரை ஒரே மூச்சில் புதிய தளத்துக்கு மாற்றினார்கள். தரவு பெரும்பாலும் சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. சிலருடைய திரையில் பிறருடைய கணக்கு தெரிந்தது. அமைப்பில் இரண்டு தரவு மையங்கள் இருந்தும், சுமை தாங்கும் சோதனையை ஒன்றில் மட்டும் செய்திருந்தார்கள் என்பது பின்னர் நடந்த சுயேச்சையான விசாரணையில் வெளிவந்தது. தளத்தைக் கட்டியது சபாடெலின் சொந்தத் தொழில்நுட்ப நிறுவனம். அது பல பணிகளைப் பல நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தது. அவர்கள் ஆயத்தமாகிவிடுவார்கள் என்று வந்த உறுதிமொழிகளை, ஆயத்தமாகிவிட்டார்கள் என்பதற்கான சான்றாகவே இயக்குநர் குழு எடுத்துக்கொண்டது.

வங்கி இயல்பு நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆயிற்று. அந்த ஆண்டில் டிஎஸ்பிக்கு ஏற்பட்ட செலவு 33 கோடி பவுண்டு. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. பொருத்தப்பாடு என்ற சொல்லை நிர்வாகம் பயன்படுத்தும்போது, அதன் உள்ளே ஒரு காலண்டர் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு உணர்த்தியது இந்த நிகழ்வுதான்.

இரண்டாம் வழி இதற்கு நேர் எதிரானது: கையில் இருக்கும் மென்பொருளைப் பார்த்துவிட்டு, யாரோடு இணைவது என்று முடிவு செய்வது. 2019 ஆகஸ்ட் 30 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைக்கும் அறிவிப்பை வெளியிட்டார். அந்தக் கூட்டணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். பஞ்சாப் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் ஆகிய மூன்றும் ஃபினகிள் மென்பொருளில் இயங்கின. யூனியன், ஆந்திரா, கார்ப்பரேஷன் ஆகியவையும் அப்படியே. கனராவும் சிண்டிகேட்டும் ஐஃபிளெக்ஸ் உருவாக்கிய மென்பொருளில் இருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் கொல்கத்தாவின் அலகாபாத் வங்கியும் டிசிஎஸ்ஸின் பான்க்ஸ் மென்பொருளில் இருந்தன. இது தற்செயலாக அமைந்ததல்ல. பொதுவான கோர் பேங்கிங் தளம் என்பதை அரசே அன்று ஒரு காரணமாக எடுத்துச் சொன்னது.

ஒரு நாட்டின் வங்கி வரைபடத்தை மென்பொருள் தீர்மானிப்பதா என்று கேட்பவர்களின் தயக்கம் நியாயமானது. கனராவும் சிண்டிகேட்டும் இரண்டுமே கர்நாடகத்தில் வேரூன்றியவை. தளம் ஒன்றாக இருந்த அளவுக்கு அவற்றின் கிளைகளும் ஒரே ஊர்களில், சில இடங்களில் ஒரே தெருவில் நின்றன. வணிக நோக்கில் மட்டும் துணை தேடியிருந்தால் வேறு மண்டலத்து வங்கி ஒன்று பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். இந்தியன் வங்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை. தெற்கில் வலுவான வங்கியும் கிழக்கிலும் வடக்கிலும் பரவிய வங்கியும் சேர்ந்ததால், நிலப்பரப்பும் மென்பொருளும் அங்கே ஒரே விடையைத் தந்தன. அப்படி அமைவது பேறு.

மென்பொருளின் பெயர் ஒன்று என்பதால் வேலை சுலபமாகிவிடும் என்று எண்ணவும் கூடாது. ஒரே பொருளை இரண்டு வங்கிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தனித்தனியே பயன்படுத்தினால், கணக்கு வகைக் குறியீடுகளும் பேரேட்டுத் தலைப்புகளும் வட்டி கணக்கிடும் அமைப்புகளும் தனித்தனியே வளர்ந்திருக்கும். ஒரே தச்சர் செய்த இரண்டு வீட்டுக் கதவுகள் என்றாலும் ஒன்றின் சாவி மற்றொன்றுக்குப் பொருந்தாது. 2020 ஏப்ரல் 1 அன்று சட்டப்படி ஒன்றான இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் கணினி அமைப்பில் முழுமையாக ஒன்றாக 2021 பிப்ரவரி வரை ஆயிற்று. அலகாபாத் வங்கி வாடிக்கையாளர்களின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஏஎல்எல்ஏ என்ற எழுத்துகளிலிருந்து ஐடிஐபி என்று மாறியது. பழைய குறியீட்டைக் கொடுத்து வைத்திருந்த ஊதிய அலுவலகம், காப்பீட்டு நிறுவனம், எரிவாயு மானியம் என ஒவ்வோர் இடத்திலும் அதன் எதிரொலி இருந்திருக்கும். ஆயினும் டிஎஸ்பியில் நேர்ந்ததைப் போல வாரக்கணக்கில் வங்கியே முடங்கும் நிலை இந்த நான்கு இணைப்புகளில் எதிலும் ஏற்படவில்லை. இந்த வழியின் சாதகத்துக்கு அது போதுமான சான்று என்றே கருதுகிறேன்.

என் குடும்பத்தில் இதன் சிறு கீறல் ஒன்று பட்டது. இணைக்கப்பட்ட ஒரு வங்கியில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருந்த என் தாயாரிடம், கிளையில் புதிய பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு, இனி பழைய காசோலை செல்லாது என்று வாய்வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அதற்கு முன்பே மருத்துவக் காப்பீட்டுக்காகக் கொடுத்திருந்த காசோலை திரும்பி வந்தது. மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. தரவு மாற்றக் குழு தன் வேலையைச் சரியாகவே முடித்திருந்தது. வெளியே புழக்கத்தில் இருக்கும் காசோலைகளை யார் கணக்கில் எடுப்பது என்பதுதான் எந்தத் துறையின் பட்டியலிலும் இடம்பெறாமல் போயிருந்தது.

மூன்றாம் வழி, இணைப்பு என்ற பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்பே பொதுவான தண்டவாளத்தைப் போட்டு வைப்பது. பாரத ஸ்டேட் வங்கி 2000-களின் தொடக்கத்தில் டிசிஎஸ் தலைமையிலான குழுவைக் கொண்டு கோர் பேங்கிங்குக்கு மாறத் தொடங்கியபோது, தன் துணை வங்கிகளையும் அதே மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. சௌராஷ்டிரா 2008-இலும் இந்தூர் 2010-இலும் தாய் வங்கியில் கலந்தன. அவை இரண்டும் பெரிய இணைப்புக்கு ஒத்திகைபோல அமைந்தன. 2017 ஏப்ரல் 1 அன்று பிகானேர்–ஜெய்ப்பூர், ஹைதராபாத், மைசூர், பாட்டியாலா, திருவாங்கூர் ஆகிய ஐந்தும் பாரதிய மகிளா வங்கியும் ஒரே நாளில் சட்டப்படி இணைந்தன. துணை வங்கிகளின் தரவை ஒரே இரவில் கொட்டாமல், வங்கி வங்கியாக வெவ்வேறு நாட்களில் மாற்றினார்கள். டிஎஸ்பி ஒரே தாவலில் கடக்க முயன்ற தூரத்தை இங்கே படிப்படியாகக் கடந்தார்கள். பழக்கமும் கையேடும் ஏற்கெனவே ஒன்றாக இருந்ததால் ஊழியர்கள் புதிய திரையைக் கற்க வேண்டிய சுமையும் குறைந்தது.

இடர் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு நிறுத்தால் மூன்றாம் வழிக்கே என் வாக்கு. ஆனால் அதை விரும்பும் எவரும் தேர்ந்தெடுத்துவிட முடியாது. ஸ்டேட் வங்கியின் துணை வங்கிகள் ஏற்கெனவே ஒரே குடையின் கீழ் இருந்தவை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பலன் தரக்கூடிய செலவை இன்றைக்கே ஏற்றுக்கொள்ள அங்கே ஒரு பொது உரிமையாளர் இருந்தார். அந்நிய வங்கியை வாங்கும் ஒருவருக்கு அந்தக் கால அவகாசம் வாய்ப்பதில்லை. உத்தியின் சுதந்திரம் என்று பார்த்தால் முதல் வழியே முன்னிற்கும், ஏனெனில் இலாபம் எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம். ஆனால் அந்தச் சுதந்திரத்தின் விலையைத் தொழில்நுட்பத் துறையின் வரவு செலவில் மட்டும் எழுதி வைப்பதை நிறுத்திவிட்டு, வாங்கும் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாற்றம் எப்போது என்பதைச் சோதனையின் முடிவு சொல்ல வேண்டும், தேதி சொல்லக் கூடாது. இரண்டாம் வழி வேகத்தையும் பாதுகாப்பையும் தருகிறது. பதிலுக்கு, பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு கொள்முதல் குழு தேர்ந்தெடுத்த மென்பொருளின் எல்லைக்குள் இன்றைய உத்தியை அடைத்து வைக்கிறது. அரசு போன்ற ஒரே உரிமையாளர் பல வங்கிகளை வைத்துக்கொண்டு கூட்டணி அமைக்கும்போது அந்த விலை தாங்கக்கூடியதே.

இந்தக் கேள்வி இப்போது கிராம வங்கிகளில் மீண்டும் எழுந்திருக்கிறது. 'ஒரு மாநிலம், ஒரு கிராம வங்கி' என்ற கொள்கைப்படி 2025 மே 1 முதல் 43 வட்டாரக் கிராம வங்கிகள் 28 ஆகக் குறைந்தன. இம்முறை அளவுகோல் மாநில எல்லை. அதாவது முதல் வழிக்குத் திரும்பியிருக்கிறோம். ஆந்திரப் பிரதேசத்தில் மட்டும் யூனியன், கனரா, இந்தியன், ஸ்டேட் என்ற நான்கு வெவ்வேறு வங்கிகளின் ஆதரவில் இயங்கிய நான்கு கிராம வங்கிகள் ஒன்றாகியிருக்கின்றன. கிராம வங்கிகள் பொதுவாகத் தத்தம் ஆதரவு வங்கியின் தொழில்நுட்ப ஏற்பாட்டைச் சார்ந்தே வளர்ந்தவை. அவற்றின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலியை அந்தக் கணக்கிலேயே வாங்குபவர்கள். டிஎஸ்பியின் கதவு மூடியபோது லண்டன்காரர் வேறு வங்கிக்குப் போக முடிந்தது. இவர்களில் பலருக்கு எட்டும் தூரத்தில் வேறு கிளையே இல்லை.