போர்ட் சயீத் – போர்ட் ஃபுவாத் ஃபெர்ரி: காசு வாங்காத கால்வாய்ப் பயணம்

சூயஸ் கால்வாயைக் கிட்டத்தில் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், வடக்கு முனையில் இருக்கும் போர்ட் சயீத்தைத்தான் சொல்வோம். அங்கே காசு கொடுத்துப் படகு பிடிக்கத் தேவையில்லை. கால்வாய் ஆணையம் ஓட்டும் ஃபெர்ரி, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரையில் உள்ள போர்ட் ஃபுவாத்துக்கு இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட்டும் இல்லை, முன்பதிவும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஏறினால் ஏறக்குறைய 10 நிமிடத்தில் ஆசியாவில் இறங்கலாம். டாக்ஸிக்காரரிடம் 'மஅத்திய்யா' (அரபியில் ஃபெர்ரி) என்று சொன்னால் போதும், துறையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

இது சுற்றுலாப் படகு அல்ல. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காய்கறி வண்டிகள் என்று ஊரே இதில்தான் போய்வருகிறது. காலையிலும் வேலை விடும் நேரத்திலும் நெரிசல் அதிகம். முற்பகலில் போனால் நிம்மதியாக நிற்கலாம். கீழ்த்தளம் வண்டிகளுக்கு. மேல்தளம் உள்ள படகு வந்தால் மேலே ஏறி, ஊர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கள். கரையோரத்தில் பச்சை நிறத்தில் மூன்று குவிமாடங்களோடு இருப்பது கால்வாய் ஆணையத்தின் பழைய கட்டடம். நீர்ப்பக்கத்தைப் பார்த்துக் கட்டியது என்பதால், தெருவில் நின்றால் அதன் அழகில் பாதிகூடத் தெரியாது. குளிர்காலத்தில் கடற்புறாக்கள் கைப்பிடிக் கம்பிக்கு ஒரு முழ தூரத்தில் கூடவே பறந்து வரும். உள்ளூர்க்காரர்கள் ரொட்டியைப் பிய்த்து வீசுவார்கள், அவை காற்றிலேயே கவ்விக்கொள்ளும்.

நேரம் தப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். கால்வாயில் முன்னுரிமை கப்பல்களுக்குத்தான். ஒரு பெரிய கப்பல் வந்துவிட்டால், அது கடக்கும்வரை ஃபெர்ரி காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத் தொல்லை என்று நினைக்காதீர்கள், கப்பலின் பக்கச் சுவர் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு எழுந்து நகர்வதை அப்போதுதான் பார்க்க முடியும். எல்லாக் கப்பலும் இந்த வழியாக வராது. ஊருக்குக் கிழக்கே 1980-இல் திறந்த புறவழிக் கால்வாய் இருப்பதால், பல கப்பல்கள் அப்படியே கடலுக்குப் போய்விடும். குளிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கினால் ஃபெர்ரியே நின்றுவிடும்.

ஃபோட்டோ விஷயத்தில் கவனம் வேண்டும். ஊரையும் பறவைகளையும் கைபேசியில் எடுத்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காவலர்கள், சோதனைச் சாவடி, ராணுவப் படகு எதன் பக்கமும் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

போர்ட் ஃபுவாத் 1926-இல், அப்போது கால்வாயை நடத்திய கம்பெனியின் ஊழியர்களுக்காக உருவான ஊர். தோட்டம் வைத்த பழைய வீடுகள், அகலமான நிழல் தெருக்கள். ஒரு மணி நேரம் நடக்கலாம்.

திரும்பி வந்ததும் சாப்பாடு. போர்ட் சயீத்துக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவது பெரிய நஷ்டம். சந்தையில் மீனை நிறுத்து வாங்கி, பக்கத்தில் சுட்டுக் கொடுக்கும் கடையில் கூலி கொடுத்துச் சமைத்துக்கொள்வதுதான் சிறந்த வழி. தராசில் வைக்கும் முன்பே கிலோ விலையைக் கேளுங்கள். சுத்தம் செய்யும் கூலி சேர்த்தியா தனியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தலை, குடல் கழிவு போகும் என்பதால் ஆளுக்கு அரைக் கிலோ முழு மீன் சரியாக இருக்கும். மடவை மீன் என்றால் 'ரத்தா' முறையில் சுடச் சொல்லுங்கள். முழு மீனைக் கோதுமைத் தவிட்டில் புரட்டி அனலில் போடுவார்கள். தவிடு கருகி ஓடாகிவிடும், உள்ளே சதை காயாமல் வெந்திருக்கும். அந்தக் கரியைப் பார்த்து மிரள வேண்டாம், தோலோடு உரித்துவிட்டுத்தான் சாப்பிடுவது. காரமும் தக்காளியும் வேண்டுமென்றால் 'சிங்காரி' கேளுங்கள்; மீனை முதுகுப் பக்கம் பிளந்து விரித்து, வெங்காயம், தக்காளி, மிளகாய் பரப்பி அடுப்பில் வேகவைப்பது.

'உம்முல் குலூல்' என்ற சின்ன மட்டி இந்த ஊரின் பெருமை. உப்பில் ஊறியதை எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே தின்பார்கள். பழக்கமில்லாத வயிறு என்றால், மறுநாள் பயணம் இருக்கும்போது தொடாதீர்கள். 'ஃபிஸீக்' என்ற நொதித்த மடவைக் கருவாட்டை வெளியூர்க்காரர்கள் ஒதுக்கிவிடுவதே நல்லது. பக்குவம் தவறினால் உயிருக்கே ஆபத்தான நச்சு உண்டாகும். எகிப்து சுகாதாரத் துறையே வசந்தப் பண்டிகைதோறும் எச்சரிக்கிறது.

கெய்ரோவிலிருந்து பஸ்ஸில் சுமார் 3 மணி நேரம். ரயிலைவிட அதுவே தோது. வெள்ளிக்கிழமை கூட்டுத் தொழுகை முடியும்வரை பல கடைகள் மூடியிருக்கும், ரமலானில் பகலில் மீன் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் நடக்காது. 1970-களிலிருந்து சுங்கச் சலுகை பெற்ற ஊர் இது. வெளியேறும்போது பைகளைச் சோதிப்பார்கள். துணிமணி வாங்கினால் ரசீதைப் பையின் மேல்பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், சாவடியில் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.