கப்பலுக்கு ஆள் பெயரா, குணப் பெயரா?

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் தம்பி முறையான ஒருவர் புது வள்ளத்துக்கு அப்பாவின் பெயரா, 'வெற்றி' என்ற பெயரா என்று குழம்பி நிற்கிறார். கடற்படைகளுக்கும் இதே சிக்கல்தான்.

நிலைப்பு
ஆள் பெயர்: காலம் மாறினால் ஆபத்து. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் பெயரை 2016இல் அமெரிக்கா அறிவித்த கப்பலுக்கு 2025இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சூட்டலாமா என்ற வாதமும் அங்கே ஓயவில்லை.
குணப் பெயர்: தலைமுறை தாண்டும். இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் ('வீரம் மிக்கது' என்று பொருள்) 1961இல் சேவைக்கு வந்து 1997இல் ஓய்வு பெற்றது. 2022இல் அதே பெயரில் புதுக் கப்பல் வந்தது.

மனநெருக்கம்
ஆள் பெயர்: இதில் ஆள் பெயர்தான் மேல். பெயரைச் சொல்லும்போதே ஒரு முகம் தெரியும்.
குணப் பெயர்: எல்லோருக்கும் பொது, அதனாலேயே கொஞ்சம் தூரம்.

கைமாறினால்
இரண்டுக்கும் காப்பில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது, வாங்கியவரின் மனைவி பெயரான புளோரன்ஸ் ராபின்சன் ஆகியிருந்தது. எங்கள் ஊர் ஓடாவிகளின், அதாவது கப்பல் கட்டும் தச்சர்களின், கைவேலை அது. அந்தப் பெயர் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நாட்டுக் கப்பலுக்குக் குணப் பெயரோ ஊர்ப் பெயரோதான் சரி. அது எல்லோருக்கும் சொந்தம். சொந்த வள்ளத்துக்கு அப்பாவின் பெயரையே எழுது, தம்பி.